பணியில் இருந்துகொண்டே உள்ளடக்கிய கல்வியைப் பகுதிநேரமாகப் படிப்பது: கற்பித்தல் உதவியாளர்களுக்கு அது உண்மையில் உதவுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறு ஆண்டுகளாக ஒரு தொடக்கப்பள்ளியில் கற்பித்தல் உதவியாளராகப் பணியாற்றி வருகிறேன். இப்போது மூன்றாம் வகுப்பில், கூடுதல் துணை தேவைப்படும் மூன்று பிள்ளைகளுடன் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறேன். ஒருவன் ஆட்டிசம் உள்ள சிறுவன். ஒருத்தி காதொலிக் கருவி அணிந்திருப்பவள். இன்னொருவன் எழுத்துகளைத் தனித்தனியே அறிந்திருந்தும் அவற்றைக் கூட்டிச் சொல்லாகப் படிக்கத் திணறுபவன். இவர்களுக்கு எப்படி உதவ வேண்டும் என்று எனக்கு முறையாகச் சொல்லித் தந்தவர் யாரும் இல்லை. பணியில் சேர்ந்தபோது இரண்டு நாள் அறிமுகப் பயிற்சி நடந்தது. அதன்பின் பார்த்தும் கேட்டும் தவறு செய்தும் கற்றுக்கொண்டதுதான் என் கையிருப்பு.

கடந்த மாதம் காய்ச்சலால் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்தபோது, எனக்குப் பதிலாக வகுப்பில் இருந்தவர், "அந்தப் பையன் இரண்டு நாளும் பென்சிலையே தொடவில்லை, நீங்கள் வருவீர்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்" என்றார். ஆட்டிசம் உள்ள சிறுவனைத்தான் அவர் சொன்னார். கேட்டவுடன் மனம் குளிர்ந்தது உண்மை. ஆனால் அன்று இரவு அதே சொற்கள் உறுத்தத் தொடங்கின. ஓர் ஆண்டு முழுவதும் அவன் பக்கத்திலேயே அமர்ந்து நான் செய்த உதவி, நான் இல்லாமல் பென்சிலைக்கூட எடுக்க முடியாத நிலைக்கா அவனைக் கொண்டுவந்திருக்கிறது என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் உள்ளடக்கிய கல்வியில், அதாவது கூடுதல் துணை தேவைப்படும் பிள்ளைகளையும் மற்றவர்களுடன் ஒரே வகுப்பில் கற்பிக்கும் முறையில், இரண்டு ஆண்டுப் பகுதிநேரப் படிப்பு ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வாரத்தில் இரு மாலைகள் இணையவழி வகுப்பு, மாதம் ஒரு சனிக்கிழமை நேரடி வகுப்பு என்று சொல்கிறார்கள். வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தப் படிப்பு வகுப்பறையில் நான் செய்யும் வேலையை உண்மையாகவே மாற்றுமா, அல்லது ஒரு சான்றிதழாக மட்டும் நின்றுவிடுமா? வாரத்துக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும்? சேர்வதற்கு முன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்? இந்தப் பாதையில் நடந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். நானும் கற்பித்தல் உதவியாளராக இருந்துகொண்டே இந்தத் துறையில் படித்தவள். இப்போது அதே போன்ற ஒரு படிப்பில் மாணவர்களின் ஒப்படைப்புகளை வழிநடத்துகிறேன். உங்கள் கேள்விக்கான விடையின் பாதி அந்தப் பென்சிலிலேயே இருக்கிறது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

உங்களை உறுத்தியது உங்கள் குறையல்ல. இது பல ஆண்டுகளுக்கு முன்பே கவனித்துப் பதிவு செய்யப்பட்ட ஒன்று. 1997-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஜியான்கிரெக்கோவும் உடன் பணியாற்றியோரும், பொதுப் பள்ளிகளில் படிக்கும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் அருகில் உதவியாளர் ஓயாமல் இருப்பதால் என்ன நேர்கிறது என்று வகுப்பறைகளில் உற்று நோக்கினார்கள். பிள்ளை பெரியவர்களைச் சார்ந்தே இயங்கப் பழகுகிறது. வகுப்புத் தோழர்களிடமிருந்து விலகி உட்காருகிறது. "அந்தப் பிள்ளையை உதவியாளர் பார்த்துக்கொள்வார்" என்று வகுப்பாசிரியரும் தம் பொறுப்பிலிருந்து மெல்ல விலகிவிடுகிறார். ஆண் பிள்ளையைப் பெண் உதவியாளர் தமக்கு வசதியான கழிவறைக்கே அழைத்துச் செல்வது போன்ற, நாம் நினைத்தும் பார்க்காத சிறு இழப்புகளையும் அவர்கள் எழுதிவைத்தார்கள். படிக்கும் காலத்தில் இதை வாசித்த அன்று நான் நெடுநேரம் அழுதேன். என் வகுப்பறையை யாரோ சன்னல் வழியாகப் பார்த்து எழுதியதைப் போல இருந்தது.

பின்னர் இங்கிலாந்திலும் வேல்சிலும் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் குழுவினர் நடத்திய பெரிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் முன்னேற்றத்தைப் பார்த்தபோது, உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற பிள்ளைகள், அவர்களை ஒத்த மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். முன்னரே இருந்த கற்றல் நிலையையும் சிறப்புத் தேவையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. இதைக் கேட்டு மனம் உடைந்துவிட வேண்டாம். காரணம் உதவியாளர்களின் அக்கறையின்மை அல்ல என்று ஆய்வாளர்களே தெளிவாக எழுதினார்கள். முன்தயாரிப்புக்கு நேரமில்லாமல் பாடத்தின் நடுவில் நுழைகிறோம். பிள்ளை புரிந்துகொண்டதா என்பதைவிட வேலையை முடித்ததா என்பதிலேயே நம் பேச்சு நிற்கிறது. ஆசிரியரின் கற்பித்தலுக்குக் கூடுதலாக அமைய வேண்டிய நாம் அதற்கு மாற்றாக அமைக்கப்பட்டுவிடுகிறோம். அதேவேளையில், நல்ல பயிற்சி பெற்ற உதவியாளர் சிறு குழுவுக்குத் திட்டமிட்ட பாடங்களை நடத்தும்போது பிள்ளைகள் மூன்று, நான்கு மாதக் கற்றல் அளவுக்குக் கூடுதலாக முன்னேறுகிறார்கள் என்று 2015-இல் தொகுக்கப்பட்ட சான்றுகள் காட்டின. கூட்டிப் படிக்கத் திணறும் உங்கள் சிறுவனுக்கு, நாள் முழுவதும் பக்கத்தில் இருப்பதைவிட, ஒழுங்கான வரிசையில் அமைந்த குறுகிய ஒலிப் பயிற்சி கூடுதல் பயன் தரும்.

நல்ல படிப்பு உங்களுக்குக் கற்றுத்தர வேண்டிய முதன்மையான திறன், எப்போது விலகி நிற்பது என்பதுதான். 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு கட்டுவதைப் பார்த்து, கட்டடம் கட்டும்போது நிறுத்தும் "சாரம்" என்ற உவமையைக் கற்றலுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளையை அந்த வேலையின் பக்கம் ஈர்ப்பதே பயிற்றுநரின் பெரும்பணியாக இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ தான் கட்டியது சரிதானா என்று உறுதி செய்துகொள்ள மட்டுமே அவர் தேவைப்பட்டார். கட்டடம் எழ எழச் சாரத்தை அவிழ்க்கிறோம் அல்லவா? அவிழ்க்கும் வேலையைத்தான் நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. என் படிப்பில் நான் கற்ற வரிசை எளியது: முதலில் பேசாமல் காத்திருப்பது, அது போதாவிட்டால் "அடுத்து என்ன?" என்று மட்டும் கேட்பது, பிறகு சிறு குறிப்புக் கொடுப்பது, பிறகு ஒருமுறை செய்து காட்டுவது, விடையைத் திருத்திச் சொல்வது எல்லாவற்றுக்கும் கடைசி. நான் அதுவரை கடைசிப் படியிலிருந்தே தொடங்கிக்கொண்டிருந்தேன். காத்திருப்பது சிறிய செயல் போலத் தோன்றும். ஆனால் கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்றும், அதை மூன்று நொடிக்கு நீட்டினாலே பிள்ளைகளின் விடைகள் நீளமாகவும் சிந்தித்தவையாகவும் மாறுகின்றன என்றும் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டினார். செய்திகளை உள்வாங்கச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும் பிள்ளைக்கு மூன்று நொடியும் போதாது.

காதொலிக் கருவி அணிந்த சிறுமியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கருவி பேச்சை மட்டும் பெருக்குவதில்லை. நாற்காலி இழுபடும் ஓசையையும் சேர்த்தே பெருக்குகிறது. ஆசிரியர் பேசும்போதே நீங்கள் அவள் காதருகில் விளக்கிச் சொன்னால், இரண்டு குரல்களில் எதுவும் அவளுக்குத் தெளிவாகச் சேராது. நான் அன்போடு மூன்று ஆண்டுகள் செய்துவந்த தவறு இது.

நேரக் கணக்குக்கு வருகிறேன். படிப்பின் மொத்த உழைப்பு மணிநேரத்தைக் கேட்டு வாங்கி, அதை வாரங்களால் வகுத்துப் பாருங்கள். ஐரோப்பிய மதிப்பலகு (கிரெடிட்) முறையில் ஓர் அலகு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முழுநேர ஆண்டுக்கு 60 அலகுகள். அரைநேரமாக ஆண்டுக்கு 30 அலகுகள் என்றால் 750 முதல் 900 மணி நேரம், அதாவது 40 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 19 முதல் 23 மணி நேரம் ஆகும். எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். இதில் எவ்வளவு உங்கள் பணி நேரத்திலேயே செய்யக்கூடியது என்பதே நீங்கள் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. உங்கள் வகுப்பில் நீங்கள் செய்வதைக் கவனித்து, மாற்றிப் பார்த்து, எழுதித் தரும் ஒப்படைப்புகள் அதிகம் உள்ள படிப்பைத் தேர்ந்தெடுங்கள். தேர்வுத்தாள் மட்டுமே உள்ள படிப்பு உங்களுக்குச் சொற்களைத் தரும், பழக்கத்தை மாற்றாது.

மறுமொழி 2

நான் வகுப்பாசிரியர். மேலே எழுதியவரின் கருத்துகளை மதிக்கிறேன். எனினும் ஒரு செய்தி விடுபட்டதாக உணர்கிறேன். உதவியாளர் மட்டும் படித்தால் வகுப்பறை மாறிவிடாது. என் வகுப்பில் இருந்த உதவியாளர் இப்படியொரு படிப்பை முடித்து வந்தார். அவர் கற்றது என்ன என்று நான் ஓராண்டு வரை கேட்கவே இல்லை. வகுப்பு தொடங்கும் மணி அடித்தபின் உள்ளே வந்து, நான் பாடம் நடத்துவதைக் கேட்டு, அதிலிருந்தே தம் வேலையை ஊகித்துக்கொண்டார். அவர் படித்தது அத்தனையும் அந்த ஓராண்டு வீணாகப் போனதற்குப் பொறுப்பு என்னுடையது. மேலே குறிப்பிட்ட இங்கிலாந்து ஆய்விலேயே, உதவியாளர்களுடன் இணைந்து பணியாற்றத் தங்களுக்குப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை என்று ஆசிரியர்களில் நான்கில் மூன்று பங்கினர் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள். கட்டணத்தில் பங்கு கிடைக்குமா என்பது ஒருபுறம் இருக்கட்டும்; அதைவிட மதிப்புள்ளது, வாரத்தில் குறைந்தது ஒரு முறையாவது ஆசிரியரும் நீங்களும் உட்கார்ந்து திட்டமிடுவதற்கான நேரத்தைப் பணி நேரத்துக்குள்ளேயே எழுத்தில் பெறுவது. நானும் என் உதவியாளரும் இப்போது ஒரு சீட்டைப் பயன்படுத்துகிறோம். இந்தப் பாடத்தில் பிள்ளை கற்க வேண்டிய ஒன்று எது, அதற்கான முக்கியச் சொற்கள் எவை என்று நான் முன்கூட்டியே எழுதித் தருகிறேன். பிள்ளை தானாகச் செய்தது எது, உதவியோடு செய்தது எது, அந்த உதவி எந்த வகையானது என்று அவர் பாட முடிவில் எழுதித் திருப்பித் தருகிறார். "உதவியோடு செய்தான்" என்று மொத்தமாக எழுதியிருந்த காலத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உதவியின் வகையைப் பிரித்து எழுதத் தொடங்கியபின், அடுத்த நாள் பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது விளங்குகிறது.

இன்னொரு மாற்றமும் செய்தோம். அதிகத் துணை தேவைப்படும் பிள்ளைகளின் மேசையில் வாரத்தில் சில நாள்கள் நான் உட்காருகிறேன். அந்த நேரத்தில் உதவியாளர் மற்ற மேசைகளைச் சுற்றி வருகிறார். கற்பதற்கு மிகவும் சிரமப்படும் பிள்ளை, கற்பிப்பதில் முறையான பயிற்சி பெற்றவரிடம் குறைவான நேரமே இருக்கும் நிலை நியாயமானதன்று. அதைச் சரிசெய்யும் பொறுப்பு உதவியாளரைச் சார்ந்ததன்று, எங்களைச் சார்ந்தது.

மறுமொழி 3

நான் இந்தப் படிப்பை ஒருமுறை இடையில் விட்டவள்; மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் சேர்ந்து முடித்தவள். விட்டதற்குக் காரணம் பாடத்தின் கடினம் அன்று. இரவு ஒன்பது மணிக்குமேல் பிள்ளைகள் உறங்கியபின் படிக்கலாம் என்று நான் போட்ட கணக்குத்தான் தவறியது. பள்ளியில் நாள் முழுவதும் ஒரு பிள்ளையின் முகக்குறிப்பைக் கவனித்துவிட்டு வந்த மனத்துக்கு அந்த நேரத்தில் ஆய்வுக் கட்டுரையை வாசிக்கும் வலு இருக்காது. இரண்டாம் முறை, விடியற்காலையில் ஒரு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை முற்பகலும் என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரங்களில் வீட்டுப் பொறுப்பை ஏற்பதாகக் குடும்பத்தினர் முன்னரே ஒப்புக்கொண்டார்கள்.

சேரும் முன் மூன்று செய்திகளைக் கட்டாயம் விசாரியுங்கள். ஆறு ஆண்டுப் பணி அனுபவத்துக்கும் முன்பு பெற்ற பயிற்சிகளுக்கும் மதிப்பளித்துச் சில பாடங்களிலிருந்து விலக்குத் தருவார்களா. நோயோ குடும்ப நெருக்கடியோ வந்தால் ஒரு பருவத்தை நிறுத்திவைத்து, முடித்த பாடங்களை இழக்காமல் பிறகு தொடர முடியுமா. முதல் ஆண்டோடு நிறுத்த நேர்ந்தாலும் அதற்கெனத் தனிச் சான்றிதழ் கிடைக்குமா. மூன்றாவது வசதி இல்லாத படிப்பில் சேர்ந்ததால்தான் முதல் முறை என் உழைப்பு முழுவதும் வெறுங்கையோடு முடிந்தது. இந்தப் படிப்பு ஆசிரியர் தகுதிக்கு இட்டுச் செல்லுமா என்பதையும் எழுத்திலேயே கேளுங்கள்; உள்ளடக்கிய கல்வி என்ற ஒரே பெயரில் வெவ்வேறு தகுதி நிலைகள் இருக்கின்றன.

கட்டுரை எழுதுவதை எண்ணி அஞ்சுபவர்களுக்கு ஒரு சொல். நமக்கு எழுதத் தெரியாது என்பது உண்மையில்லை. நாள்தோறும் பிள்ளையைக் கவனித்துக் குறிப்பு எழுதுபவர்களுக்குக் கல்விசார் எழுத்தின் அடிப்படையான துல்லியம் முன்பே வந்திருக்கும். "அவன் பிடிவாதம் பிடித்தான்" என்று எழுதுவதை விட்டுவிட்டு, "மணி அடித்தபின் நான்கு நிமிடம் மேசைக்கடியில் இருந்தான், பேச்சைக் குறைத்துப் படத்தைக் காட்டியபின் வெளியே வந்தான்" என்று எழுதக் கற்றதே என் முதல் ஆண்டின் பெரிய பலன். அதன்பின் அந்தப் பிள்ளையைப் பற்றி நான் நினைக்கும் விதமே மாறிவிட்டது.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விலகி நிற்கச் சொன்னீர்கள் என்று இந்த வாரம் அந்தச் சிறுவனின் மேசையிலிருந்து எழுந்து இரண்டு மேசை தள்ளி அமர்ந்து பார்த்தேன். அவன் முதலில் என்னைத் தேடினான். பிறகு காதுகளைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டான். நான் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். நான் செய்தது தவறா? மேலும் ஒரு சந்தேகம்: ஒப்படைப்புகளில் என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டுமென்றால், அவர்களின் பெற்றோர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

மறுமொழி 1-இன் தொடர்ச்சி

நீங்கள் திரும்பி வந்தது சரிதான். என் சொற்களில் ஒரு குறை இருந்தது. சாரத்தை ஒரே நாளில் அவிழ்ப்பதில்லை என்பதை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அவனைப் பொறுத்தவரை பென்சிலை எடுக்கச் சொல்லும் அடையாளம் நீங்களாகவே இருந்திருக்கிறீர்கள். அந்த அடையாளத்தை எடுப்பதற்கு முன் வேறொன்றை அந்த இடத்தில் வைக்க வேண்டும். பென்சிலை எடுப்பது, பெயர் எழுதுவது, முதல் கணக்கைச் செய்வது, கையுயர்த்துவது என்று நான்கு படங்கள் கொண்ட ஓர் அட்டையை மேசையில் ஒட்டுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே, வாயால் சொல்வதற்குப் பதிலாக அட்டையை மட்டும் சுட்டிக்காட்டிப் பழக்குங்கள். அவன் அட்டையைப் பார்த்துத் தொடங்கும் நாள்கள் தொடர்ந்து வந்தபின், நாற்காலியை ஒரு சாண் பின்னுக்கு இழுங்கள். முதல் கணக்கு முடியும்போது திரும்பி வருவேன் என்பதையும் அவனுக்குப் படமாகவே காட்டுங்கள். இதற்கு வாரங்கள் ஆகலாம். அந்த வாரங்களில் நீங்கள் எழுதிவைக்கும் குறிப்புகளே உங்கள் முதல் ஒப்படைப்பாகவும் அமையக்கூடும். வகுப்பாசிரியருடன் பேசித் திட்டமிட்ட பிறகே தொடங்குங்கள்.

மறுமொழி 4

பெற்றோர் பற்றிய கேள்விக்குப் பெற்றோராகவே விடையளிக்கிறேன். என் மகள் மூளை முடக்குவாதத்துடன் பொதுப் பள்ளியில் படிக்கிறாள். அவளைப் பற்றி உதவியாளர் ஒருவர் தம் படிப்புக்காக எழுத விரும்பியபோது, பள்ளியின் அனுமதியுடன் எங்கள் வீட்டுக்கு வந்து, எதை எழுதுவார், யார் படிப்பார்கள், எழுதியதை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று விளக்கினார். பெயர், பள்ளி, எளிதில் அடையாளம் காட்டும் விவரங்கள் எதுவும் இருக்காது என்றார். நாங்கள் மறுத்தாலும் அவளுக்குக் கிடைக்கும் துணையில் எந்தக் குறையும் வராது என்பதையும் அவராகவே சொன்னார். அந்தக் கடைசி உறுதிமொழி இல்லாதிருந்தால் நாங்கள் அச்சத்தினால்தான் ஒப்புக்கொண்டிருப்போம்.

அதன்பின் அவர் என் மகளிடமும் கேட்டார். அவள் பேசுவதற்கு எழுத்துப் பலகையைப் பயன்படுத்துபவள். விடை சொல்ல நேரமாகும். அவர் காத்திருந்தார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துச் சொல்லும் உரிமை ஒவ்வொரு மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கும் உண்டு என்கிறது. அதற்கு வேண்டிய உதவியைத் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எட்டு வயதுப் பிள்ளையால் ஆய்வு என்றால் என்ன என்று முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாமல் போகலாம், "உன்னைப் பற்றி என் ஆசிரியருக்கு எழுதலாமா?" என்பதைப் புரிந்துகொள்ள முடியும். என் மகள் எழுதலாம் என்றாள். ஆனால் தான் அழுத நாளைப் பற்றி எழுதக் கூடாது என்றும் எழுத்தெழுத்தாகச் சுட்டிச் சொன்னாள். அந்த நாளைப் பற்றிய பகுதியை அவர் நீக்கிவிட்டு, மீதியை எங்களுக்குப் படித்துக் காட்டிய பிறகே அனுப்பினார். நீங்கள் அந்தச் சிறுவனைப் பற்றி எழுதுவதானால், அவனிடமும் படங்களைக் கொண்டாவது கேளுங்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதையும் விடையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.